சிஇஓ சம்பளமும் சுற்றுச்சூழல் இலக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர் நிர்வாகிகளின் ஊதியத்தில் ஒரு பகுதியை இஎஸ்ஜி இலக்குகளோடு இணைத்திருக்கிறோம் என்ற வரி பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் இப்போது சாதாரணமாகிவிட்டது. சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாக ஒழுங்கு மூன்றுக்கும் சேர்த்துத்தான் இஎஸ்ஜி என்கிறார்கள். அந்த வரியைப் படித்த பிறகு எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

எதை இணைக்கிறார்கள்? மாதச் சம்பளத்தையா?

மாதச் சம்பளத்தை யாரும் தொடுவதில்லை. ஒரு சிஇஓவின் வருமானம் பெரும்பாலும் மூன்று அடுக்காக இருக்கும். முதலாவது நிலையான சம்பளமும் படிகளும். அடுத்தது ஆண்டு போனஸ். மூன்றாவது, நிறுவனப் பங்குகளாகத் தரப்பட்டு, சில ஆண்டுகள் கழித்தே கைக்கு வரும் ஊக்கத்தொகை. பெரிய நிறுவனங்களில் இந்த மூன்றாவது அடுக்குதான் மற்ற இரண்டையும் விழுங்கிவிடும் அளவுக்குப் பெரியது. இஎஸ்ஜி இணைப்பு போனஸிலோ பங்கு ஊக்கத்தொகையிலோதான் வரும்.

இணைக்கும் முறைகளும் பல. இலக்குப் பட்டியலில் கார்பன் உமிழ்வுக்கு இத்தனை சதவீதம், பாதுகாப்புக்கு இத்தனை சதவீதம் என்று மதிப்பெண் ஒதுக்குவது ஒன்று. போனஸை வழக்கம்போலக் கணக்கிட்டுவிட்டுக் கடைசியில் கொஞ்சம் கூட்டுவதோ குறைப்பதோ இன்னொன்று. ஆப்பிள் 2021இல் கொண்டுவந்த ஏற்பாட்டில் இப்படி 10% வரை ஏற்றவோ இறக்கவோ முடியும். மூன்றாவது முறை கடுமையானது. குறிப்பிட்ட தவறு நடந்தால் அந்த ஆண்டு போனஸே கிடையாது என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. இதைச் செய்யத்தான் நிறுவனங்களுக்கு மனம் வருவதில்லை.

லாபத்தோடு இணைத்திருப்பது போதாதா?

லாபக் கணக்கில் ஏறாத செலவுகள் இருக்கின்றன என்பதுதான் இதன் அடிப்படை. ஆலைக்கழிவால் நிலத்தடி நீர் கெட்டால், அதன் விலையை முதலில் கொடுப்பது ஊர்க்காரர்கள். நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்துக்கு அது வந்து சேர, வழக்கு, அபராதம், மூடல் உத்தரவு என்று பத்து, பதினைந்து வருடம் ஆகலாம். அதற்குள் அன்றைய சிஇஓ போனஸையும் பங்குகளையும் வாங்கிக்கொண்டு வேறு நிறுவனத்துக்கே போயிருப்பார். பராமரிப்புச் செலவை இந்த ஆண்டு குறைத்தால் இந்த ஆண்டு லாபம் கூடும், போனஸும் கூடும். விளைவு யாரோ ஒருவர் தலையில்.

நோக்கம் சரிதான். நடைமுறையில் அது எங்கே தடம் மாறுகிறது என்பதைத்தான் கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் பேசுகின்றன.

மொத்த ஊதியத்தில் இதன் பங்கு எவ்வளவு?

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நமக்குத் தெரிந்த நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். 2022இல் சலீல் பரேக்கை இன்போசிஸ் மறுபடி சிஇஓவாக நியமித்தபோது, அவருடைய ஊதிய ஒப்பந்தத்தில் இஎஸ்ஜி மைல்கற்களுக்கென்று தனியாக ஒரு பங்கு ஊக்கத்தொகையைச் சேர்த்தது. ஆண்டுக்கு 2 கோடி ரூபாய் மதிப்பு. இந்திய நிறுவனம் ஒன்று இதைத் தனித் தலைப்பில், தொகையோடு, எல்லோரும் படிக்கும்படி எழுதியது பாராட்டத் தக்கது. பல நிறுவனங்கள் அந்த அளவுக்குக்கூடச் சொல்வதில்லை.

ஆனால் அதே ஒப்பந்தத்தில் பொதுவான செயல்திறனுக்கான பங்குகள் ஆண்டுக்கு 34.75 கோடி. பங்குதாரர்களுக்குக் கிடைத்த மொத்த ஆதாயத்தோடு இணைந்தவை 5 கோடி. இந்த மூன்றை மட்டும் கூட்டினாலே இஎஸ்ஜியின் பங்கு 5%க்கும் கீழே போகிறது. சம்பளம், போனஸ், மற்றப் பங்குகளையும் சேர்த்தால் இன்னும் கீழே. 2024-25 நிதியாண்டில் அவர் பெற்ற மொத்த ஊதியம் 80 கோடிக்கு மேல். 2 கோடி நமக்குப் பெரிய பணம். 80 கோடி வாங்குகிறவருடைய முடிவை அது மாற்றுமா?

என் பார்வையில், பத்து சதவீதத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் ஒரு அறிவிப்பு மட்டுமே. ஊக்கத்தொகை என்று அதைச் சொல்ல மாட்டேன்.

எண்ணெய் நிறுவனமான ஷெல்தான் முன்னோடி என்கிறார்களே?

கார்பனைப் பொறுத்தவரை ஷெல்லின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. 2018 டிசம்பரில், கிளைமேட் ஆக்‌ஷன் 100+ என்ற முதலீட்டாளர் கூட்டணியோடு சேர்ந்து ஷெல் ஒரு அறிக்கை வெளியிட்டது. குறுகிய கால கார்பன் இலக்குகள் வைப்போம், அவற்றை உயர் நிர்வாகிகளின் ஊதியத்தோடு இணைப்போம் என்றது. உலகமே திரும்பிப் பார்த்தது.

இலக்கு என்ன என்று பார்த்தால், 2016ஐ விட 2021இல் கார்பன் அடர்த்தியை 2 முதல் 3% வரை குறைப்பது. அடர்த்தி என்றால், விற்கும் ஒவ்வொரு அலகு ஆற்றலுக்கும் எத்தனை கிராம் உமிழ்வு என்ற கணக்கு. 2016இல் ஒரு மெகாஜூலுக்கு 79 கிராம். அதை 77 கிராம் அளவுக்குக் கொண்டுவந்தால் இலக்கு எட்டப்பட்டுவிடும். நீண்ட கால ஊக்கத்தொகையில் இதற்கு ஒதுக்கிய எடை முதலில் 10%, பிறகு 20%.

அடர்த்தி என்ற அளவுகோலில் ஒரு வசதி இருக்கிறது. எண்ணெயைக் குறைக்காமலே இயற்கை எரிவாயுவையும் மின்சாரத்தையும் கூடுதலாக விற்றால் சராசரி இறங்கிவிடும். வளிமண்டலத்துக்குப் போகும் மொத்த உமிழ்வு குறையாமலே இலக்கை எட்டலாம். இது ஏமாற்று வேலை அல்ல, அளவுகோலின் இயல்பே அதுதான். ஆண்டறிக்கையில் 'அடர்த்தி' என்ற சொல்லைக் கண்டால் பக்கத்தில் மொத்த உமிழ்வின் எண்ணைத் தேடிப் பாருங்கள்.

2024 மார்ச்சில் ஷெல் தன் 2030 இலக்கை 20% குறைப்பிலிருந்து 15–20% என்று தளர்த்தியது. 2035க்குள் 45% என்ற இலக்கைக் கைவிட்டே விட்டது. நிறுவனத்தின் வியூகம் மாறினால் இலக்கும் மாறும், இலக்கு மாறினால் ஊதியத்துக்கான அளவும் அதோடு போய்விடும். சம்பளக் கயிற்றால் வியூகத்தை இழுத்துப் பிடிக்க முடிவதில்லை.

தொழிலாளர் பாதுகாப்பை அளப்பது சுலபம்தானே? விபத்துகளை எண்ணினால் போதாதா?

பார்க்க அப்படித்தான் தோன்றும். இந்தத் துறையின் மிக மோசமான கதையே அங்கிருந்துதான் வருகிறது.

2010 ஏப்ரல் 20 இரவு மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துளையிடும் தளம் வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். தளத்தின் உரிமையாளர் டிரான்ஸ்ஓஷன், குத்தகைக்கு எடுத்து இயக்கச் சொன்னது பிபி என்ற எண்ணெய் நிறுவனம். அன்று இரு நிறுவனங்களின் அதிகாரிகளும் தளத்துக்கு வந்திருந்தார்கள். வேலைநாள் இழப்பு ஏற்படுத்தும் விபத்து ஏதுமின்றி ஏழு ஆண்டுகள் ஓடியதைப் பாராட்டுவதும் அந்த வருகையின் நோக்கங்களில் ஒன்று.

அடுத்த ஆண்டு டிரான்ஸ்ஓஷன் பங்குதாரர்களுக்கு அனுப்பிய ஆவணத்தில், அந்த உயிரிழப்புகளையும் மீறி 2010தான் நிறுவன வரலாற்றிலேயே பாதுகாப்பில் மிகச் சிறந்த ஆண்டு என்று எழுதியிருந்தது. நிர்வாகிகளின் போனஸ் கணக்கில் பாதுகாப்புக்கு 25% எடை. அந்தப் பகுதிக்கான பணமும் கொடுக்கப்பட்டது. எதிர்ப்பு வெடித்ததும் நிர்வாகிகள் பாதுகாப்புப் போனஸை இறந்தவர்களின் குடும்பங்களுக்கான நினைவு நிதிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இதில் பொய்க்கணக்கு எதுவும் இல்லை என்பதுதான் திகைப்பு. இத்துறையில் எல்லோரும் பயன்படுத்தும் சூத்திரம் இது: பதிவான காயங்களின் எண்ணிக்கையை 2,00,000ஆல் பெருக்கி, மொத்த வேலை மணி நேரத்தால் வகுப்பது. 100 பேர் ஓராண்டு வேலை செய்யும் நேரம்தான் அந்த 2,00,000. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் நிறுவனத்தில், விரலில் வெட்டுப்பட்டதும் படியில் சறுக்கியதும் குறைந்திருந்தால், ஒரே இரவில் 11 பேர் இறந்ததும் அந்த விகிதத்தில் கரைந்துவிடும். சூத்திரத்துக்கு மரணமும் ஒரு பதிவுதான், தையல் போட்ட காயமும் ஒரு பதிவுதான்.

முன்னெச்சரிக்கை இல்லாமலும் போகவில்லை. 2005இல் பிபியின் டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 15 பேர் இறந்த பிறகு அமைத்த பேக்கர் குழு 2007இல் இதையே சொல்லியிருந்தது. தனிநபர் காயங்கள் குறைவதைப் பார்த்து ஆலையின் இயக்கப் பாதுகாப்பும் சரியாக இருக்கிறது என்று நிர்வாகம் நம்பிவிட்டது என்று. வழுக்கி விழுவதைத் தடுக்க ஒரு கவனம் வேண்டும். வாயு கசிந்து வெடிப்பதைத் தடுக்க முற்றிலும் வேறொரு கவனம் வேண்டும்: வால்வு பராமரிப்பு, எச்சரிக்கை மணிகளின் சோதனை, தள்ளிப்போட்ட பழுதுபார்ப்புகளின் பட்டியல். போனஸ் முதலாவதைத்தான் அளந்தது.

பட்டாசு, ரசாயனம், கொதிகலன் எதுவாக இருந்தாலும், அபாயம் நிறைந்த தொழிலில் விபத்து விகிதத்தை மட்டும் வைத்து ஊதியம் கொடுப்பதாக எழுதியிருந்தால் நான் சந்தேகப்படுவேன். அதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பதிவாகும் காயங்கள் குறைந்தால் மேலே இருப்பவருக்குப் பணம் என்றால், கீழே இருப்பவர் காயத்தைப் பதிவு செய்யாமல் இருக்கவே பழகிக்கொள்வார்.

மதிப்பெண் போடுவது யார்?

இயக்குநர் குழுவின் ஒரு பிரிவான ஊதியக் குழு. இந்தியாவில் கம்பெனிச் சட்டம் 2013இன் 178ஆவது பிரிவின்படி அது நியமன மற்றும் ஊதியக் குழு. இலக்கை வைப்பதும் அவர்கள், எட்டியதா என்று தீர்ப்பதும் அவர்கள், அவர்கள் முன் எண்களைக் கொண்டுவந்து வைப்பதோ போனஸ் வாங்கப்போகிற நிர்வாகம். நெல்லுக்குச் சொந்தக்காரனே மரக்காலையும் கையில் வைத்துக்கொண்டு அளப்பது போன்ற ஏற்பாடு.

நிதி இலக்குகளிலாவது தணிக்கையாளர் என்று ஒருவர் இருக்கிறார். சமூக இலக்குகளில் பெரும்பாலும் அதுவும் இல்லை. ஹார்வர்ட் சட்டக் கல்லூரியின் லூசியன் பெப்சக், ராபர்ட்டோ தல்லரீட்டா இருவரும் அமெரிக்காவின் மிகப் பெரிய 100 நிறுவனங்களின் ஆவணங்களைப் படித்து 2022இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு கடுமையானது. பாதிக்கும் சற்று மேற்பட்ட நிறுவனங்களில் இஎஸ்ஜி அளவுகோல் இருந்தது, ஆனால் பெரும்பாலானவற்றில் இலக்கு என்ன, எட்டப்பட்டதா என்று வெளியே இருப்பவர் சரிபார்க்கவே முடியாதபடி எழுதியிருந்தார்கள். ஊதியத்தை உயர்த்திக்கொள்ள இன்னொரு கதவு திறந்ததுதான் மிச்சமாக இருக்கலாம் என்று அவர்கள் எச்சரித்தார்கள்.

பெரிய தவறு நடந்தால் கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் முடியும். இன்னும் கைக்கு வராத ஊக்கத்தொகையை ரத்து செய்வதை மேலஸ் என்பார்கள், கொடுத்ததைத் திரும்பப் பெறுவது கிளாபேக்.

சுரங்க நிறுவனமான ரியோ டின்டோ விவகாரத்தில் நடந்தது இது. 2020 மே 24 அன்று, மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் ஜுகான் பள்ளத்தாக்கின் பாறைக் குகைகளை அந்த நிறுவனம் வெடிவைத்துத் தகர்த்தது. புட்டு குண்டி குர்ராமா, பினிகுரா மக்களின் புனித இடம். 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் அங்கே இருந்ததற்குச் சான்று கிடைத்த இடம். கிடைக்கவிருந்தது சுமார் 80 லட்சம் டன் இரும்புத்தாது. இயக்குநர் குழு முதலில் சிஇஓ ழான்-செபாஸ்தியன் ழாக்கின் ஊதியத்தில் சுமார் 27 லட்சம் பவுண்டைப் பிடித்தது, அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தது. முதலீட்டாளர்கள் விடவில்லை. செப்டம்பரில் அவர் பதவி விலகுவார் என்று அறிவிப்பு வந்தது.

அந்த ஆண்டுக்கான அவருடைய மொத்த ஊதியம் எவ்வளவு என்று பின்னர் தெரிந்தது. சுமார் 72 லட்சம் பவுண்டு, முந்தைய ஆண்டைவிட அதிகம். பிடித்தம் போக! இரும்புத்தாது விலையும் பங்கு விலையும் ஏறியதால், பழைய பங்கு ஊக்கத்தொகை பிடித்ததை ஈடுகட்டிவிட்டது. 2021 பொதுக்குழுவில் 60%க்கும் மேற்பட்ட வாக்குகள் ஊதிய அறிக்கைக்கு எதிராக விழுந்தன. அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாத ஆலோசனை வாக்குதான் என்பதால் பணம் போனது போனதுதான்.

வலுவாகப் பிடித்த உதாரணமும் உண்டு. வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமலே லட்சக்கணக்கான கணக்குகள் திறந்த வெல்ஸ் பார்கோ வங்கியில், சிஇஓ ஜான் ஸ்டம்பிடமிருந்து 2016இல் 4.1 கோடி டாலர், 2017இல் இன்னும் 2.8 கோடி டாலர் மதிப்பு பறிக்கப்பட்டது.

நம் நாட்டில் இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியிருப்பது ரிசர்வ் வங்கி. 2019 நவம்பரில் வந்த விதிகளின்படி தனியார் வங்கிகளின் சிஇஓ ஊதியத்தில் குறைந்தது பாதி மாறக்கூடியதாக இருக்க வேண்டும், அந்த மாறும் பகுதியில் 60%க்குக் குறையாமல் மூன்றாண்டாவது தள்ளிப்போட வேண்டும், மேலஸும் கிளாபேக்கும் இருந்தே ஆக வேண்டும். கரூர் வைஸ்யா வங்கி, சிட்டி யூனியன் வங்கி ஆகியவற்றுக்கும் இதே விதிதான். அது வங்கி அபாயத்துக்காக எழுதியது, சுற்றுச்சூழலுக்காக அல்ல. ஆனால் ஒரு அனல்மின் நிறுவனத்துக்கோ சுரங்க நிறுவனத்துக்கோ இதே அமைப்பைப் பொருத்துவதில் சட்டச் சிக்கல் ஒன்றும் இல்லை. நல்லதுக்குப் பரிசு கொடுப்பதைவிட, கெட்டது நடந்தால் பிடிப்பதற்கு ஏற்பாடு செய்வதே உருப்படியான வழி என்பது என் கருத்து.

இந்தியச் சட்டம் இந்த இணைப்பைக் கட்டாயமாக்குகிறதா?

இல்லை. கம்பெனிச் சட்டம் ஊதியத்துக்கு உச்சவரம்பு வைக்கிறது (சிறப்பு ஒப்புதல் இல்லாமல் இயக்குநர்களின் மொத்த நிர்வாக ஊதியம் நிகர லாபத்தில் 11%ஐத் தாண்டக்கூடாது), குறுகிய கால, நீண்ட கால இலக்குகளுக்கிடையே சமநிலை வேண்டும் என்கிறது. இயக்குநரின் ஊதியம் ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தைப் போல எத்தனை மடங்கு என்று வெளியிடச் சொல்கிறது. அதோடு நிறுத்திக்கொள்கிறது.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி வேறு வழியில் உதவியிருக்கிறது. பட்டியலிட்ட முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 முதல் பிஆர்எஸ்ஆர் என்ற வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும். உமிழ்வு, தண்ணீர், கழிவு, விபத்து, பெண் ஊழியர் ஊதியம் எல்லாம் அதில் எண்களாக வருகின்றன. 2023இல் வந்த பிஆர்எஸ்ஆர் கோர், முக்கியமான எண்களை வெளியார் சரிபார்க்க வேண்டும் என்று பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கியது. மரக்கால் இப்போதுதான் இன்னொருவர் கைக்கு மெல்லப் போகிறது.

சிஎஸ்ஆர் செலவை இலக்காகக் காட்டலாமா?

காட்டுகிறவர்கள் உண்டு. மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2%ஐ சிஎஸ்ஆர் எனப்படும் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிடுவது, வரம்புக்குள் வரும் நிறுவனங்களுக்குக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவின் கீழ் ஏற்கெனவே கட்டாயம். சட்டப்படி செய்தே தீர வேண்டியதற்குப் போனஸ் எதற்கு?

வெளிநாட்டு விதிகள்?

ஜெர்மனி 2020 முதல், பட்டியலிட்ட நிறுவனங்களின் நிர்வாக ஊதியம் நிலையான, நீண்ட கால வளர்ச்சியை நோக்கி இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டது. பருவநிலைத் திட்டத்தோடு இயக்குநர் ஊதியத்தை இணைக்கும் வரி ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022 சட்ட வரைவில் இருந்தது; 2024இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வரி காணாமல் போயிருந்தது. சர்வதேச நிலைத்தன்மைத் தரநிலை வாரியம் 2023இல் வெளியிட்ட தரநிலை இணைக்கச் சொல்லவில்லை. இணைத்திருந்தால் எத்தனை சதவீதம் என்று சொல் என்கிறது. எனக்கு இந்தக் கடைசி அணுகுமுறைதான் பிடித்திருக்கிறது.

அமெரிக்காவில் இதெல்லாம் வேண்டாம் என்று திரும்பிப் போகிறார்களாமே?

பணியாளர் பன்முகத்தன்மை இலக்குகளில் அது உண்மை. பெண்கள், சிறுபான்மையினர் பங்கை உயர் அதிகாரிகளின் போனஸோடு 2021இல் இணைத்த மெக்டொனால்ட்ஸ், 2025 தொடக்கத்தில் பன்முகத்தன்மை இலக்குகளிலிருந்து பின்வாங்கியது. ஸ்டார்பக்ஸும் 2024இல் ஊதியத்திலிருந்து அதை எடுத்துவிட்டது. அரசியல் காற்று ஒரு காரணம், வழக்கு பயம் இன்னொரு காரணம்.

அதே 2024இல் வேறு பக்கம் இணைப்பு இறுகியதையும் கவனிக்க வேண்டும். ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தின் கதவுப் பலகை நடுவானில் பிய்த்துக்கொண்டு போன பிறகு, போயிங் தன் பயணிகள் விமானப் பிரிவின் ஆண்டு ஊக்கத்தொகையில் 60%ஐப் பாதுகாப்புக்கும் தரத்துக்கும் ஒதுக்கியது. மின்னஞ்சல் ஊடுருவல்களால் அவமானப்பட்ட மைக்ரோசாஃப்ட், மூத்த நிர்வாகிகளின் ஊதியத்தில் ஒரு பகுதி இணையப் பாதுகாப்பைப் பொறுத்தே இருக்கும் என்றது. இரண்டிலும் அந்தந்தத் தொழில் யாரைக் காயப்படுத்தக்கூடுமோ அதைத்தான் அளக்கிறார்கள். மென்பொருள் நிறுவனம் மரம் நட்டதற்குப் போனஸ் கொடுப்பதைவிட இது எவ்வளவோ பொருத்தம்.

சிஇஓவுக்கு மட்டும்தானா?

இல்லை. 2019இல் எண்ணெய் நிறுவனமான செவ்ரான் ஏறக்குறைய 45,000 ஊழியர்களின் போனஸோடு உமிழ்வு இலக்கை இணைத்தது. ஷெல்லும் அதே காலத்தில் சுமார் 16,500 பேருக்கு விரித்தது. ஆலையில் வாயு கசிவை நேரில் அடைப்பவர் ஊழியர்தான் என்பதால் இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாதவரின் போனஸைப் பிடிப்பது அநியாயமாகவும் முடியலாம்.

நான் சிறு பங்குதாரர். எங்கே பார்ப்பது, என்ன செய்வது?

ஆண்டறிக்கையில் நிர்வாக ஒழுங்கு பற்றிய பகுதியும் ஊதியக் கொள்கையும் முதலிடம். ஆனால் உண்மையான எண்கள் இருப்பது பொதுக்குழு அறிவிப்போடு வரும் விளக்கக் குறிப்பில்தான். நிர்வாக இயக்குநரை ஒரே தடவையில் ஐந்தாண்டுக்கு மேல் நியமிக்க முடியாது என்பதால், நியமனமோ மறுநியமனமோ வரும்போது ஊதிய விவரம் முழுக்க அந்தக் குறிப்பில் இருக்கும். பிரிட்டனைப் போல ஊதிய அறிக்கைக்கென்று ஆண்டுதோறும் தனி வாக்கெடுப்பு நமக்கு இல்லை. எனவே அந்த ஒரு தீர்மானத்தைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்குப் பல ஆண்டு காத்திருக்க வேண்டியதுதான். சலீல் பரேக்கின் தற்போதைய பதவிக்காலம் 2027 மார்ச் 31 வரை என்பதை இன்போசிஸ் பங்கு வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

குறிப்பில் தேட வேண்டியவை: மொத்தத்தில் எத்தனை சதவீதம், இலக்கு எண்ணாக இருக்கிறதா வெறும் வார்த்தையா, இலக்கை எட்டாததற்கு எப்போதாவது பணம் குறைந்திருக்கிறதா, கிளாபேக் எந்தச் சூழ்நிலையில் பாயும். எல்லா ஆண்டும் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தால் வினாத்தாள் சுலபம் என்று அர்த்தம். பிறகு பிஆர்எஸ்ஆரைத் திறந்து அதே உமிழ்வு, விபத்து எண்கள் முந்தைய ஆண்டோடு எப்படி இருக்கின்றன என்று ஒப்பிடுங்கள். இரண்டும் முரண்பட்டால் அதுவே உங்கள் கேள்வி. பொதுக்குழுவில் பேசப் பெயர் பதிவு செய்ய அறிவிப்பிலேயே மின்னஞ்சல் முகவரியும் கடைசித் தேதியும் இருக்கும். வாக்கை, பங்குகளை மின்கணக்கில் வைத்திருக்கும் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் அமைப்பின் தளத்தில் வீட்டிலிருந்தே போட்டுவிடலாம்.